பிள்ளையாருக்கு அடியில் ஒரு சாவி

கீரனூரிலிருந்து திருச்சி போகிற ரோட்டில் ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஆவுடையப்பன் கலை அறிவியல் கல்லூரியில் மாடிப்படி இரண்டு. முன்னால் இருப்பது ஆண்கள் படி, பின்னால் இருப்பது பெண்கள் படி. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். நம்ம பக்கத்தில் பிள்ளையைச் சேர்க்க வருகிற தகப்பன்மார் முதலில் விசாரிப்பதே இதைத்தான். பாடம் நடத்த ஆள் இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்.

பெண்கள் படியைச் சேர்மன் ஆவுடையப்பன் பக்கத்தில் நின்று கட்டினார். மூன்றாவது மாடி முழுக்கப் பெண் பிள்ளைகளுக்கு. அங்கே கிளம்புகிற அந்தப் படி நேரே தரைக்கு வந்து பின்பக்கக் கதவில்தான் முடியும். நடுவில் எந்த மாடியிலும் அதற்கு வாசல் கிடையாது, ஜன்னல் கிடையாது. ஒரு பயல் எட்டிப் பார்க்க இடம் இருக்கக் கூடாது என்பது சேர்மன் உத்தரவு. வெளிச்சத்துக்கு ஒரு ஓட்டையாவது விடுவோமே என்று கொத்தனார் கேட்டதற்கு, "வெளிச்சம் வந்தா கண்ணும் வரும்" என்று சொல்லிவிட்டார். கல் குவாரியில் சம்பாதித்துக் கல்விக்கு வந்தவர். கண்டிப்பான ஆள்.

சரி, கட்டினது கட்டியாச்சு, கீழே கதவு திறந்திருந்தவரைக்கும் அதில் ஒரு குற்றமும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் பின்பக்கம் வளைந்து வளைந்து கிடந்த வண்டிப்பாதையை நிமிர்த்தித் தார் ரோடு போட்டார்கள். ரோடு நூல் பிடித்தாற்போல வந்து பெண்கள் படிக் கதவில் முட்டியது. அந்த வருஷம் அட்மிஷன் குறைந்தது. சேர்மனுக்கு முட்டி வலி வந்தது. கல்லூரி பஸ் ஒன்று கொடும்பாளூர் பக்கம் வயலுக்குள் இறங்கி நின்றது. வாஸ்து பார்க்க வந்தவர் ரோட்டில் நின்று ஒரு தடவை, கதவில் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டு, "தெருக்குத்து" என்றார். தெரு நேராக வந்து கட்டடத்தைக் குத்தினால் என்ன பரிகாரம் என்று யாருக்குத்தான் தெரியாது. கதவைச் சாத்திப் பூட்டி, அதற்கு வெளியே ஒரு சின்ன மண்டபம் கட்டி, ரோட்டைப் பார்த்தபடி பிள்ளையாரை உட்கார வைத்தார்கள். அவருடைய முதுகுக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு ஜாண் இடம்.

அன்றிலிருந்து பெண் பிள்ளைகளும் முன்படியில்தான் இறங்க வேண்டும். அதற்காக ஒழுக்கத்தை விட்டுவிட முடியுமா? முதல் பெல் பையன்களுக்கு. அவர்கள் இறங்கி, கைரேகை வைத்து, கேட்டைத் தாண்டிய பிறகு பெண்களுக்கு இரண்டாவது பெல். அதுவரைக்கும் மூன்றாம் மாடியின் முன்பக்கக் கிரில் கேட்டில் பூட்டு தொங்கும்.

எலக்ட்ரீஷியன் தைரியநாதன் அந்தப் பின்கதவைக் கடக்கும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நின்று பூட்டைப் பார்ப்பார். பழைய மாதா கோயில் இருக்கிற ஆவூர்க்காரர். ஒன்பது வருஷம் சவுதியில் இருந்தவர். அங்கே கம்பெனி கேம்பில் ஒரு நாள் மீட்டர் ரூம் பற்றிக்கொண்டது. தீ ஒன்றும் பெரிதில்லை, புகைதான். கூட ஒரே ரூமில் இருந்த அலெக்ஸ் மேலே ஓடினான், இவர் கீழே ஓடினார். மொட்டைமாடிக் கதவில் பூட்டு. அலெக்ஸின் பெட்டியோடு ஊருக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை, இந்தக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். மகள் சோபியா இதே கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருஷம். மூன்றாம் மாடி, கடைசி லேப், பெண்கள் படிக்கு ஒட்டினாற்போல.

அவள் காலேஜில் சேர்ந்த அன்றைக்கே தைரியநாதன் சொல்லி வைத்தார். "பாப்பா, புகையில கண்ணு தெரியாது. எண்ணி வச்சுக்கிட்டா காலு தானா போகும்."

மகளும் எண்ணி வந்து ஒப்பித்தாள். "என் சீட்டுலருந்து படிக்குப் பதினாலு எட்டு. படி அறுபத்தாறு. அப்புறம் கதவு."

"கதவு பூட்டியிருக்கே."

"அதான் தெரியுமே. நீங்கதான் தெறந்துவிடணும்" என்று சிரித்தாள். அவள் விளையாட்டாகச் சொன்னதுதான். இந்த மனுஷன் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. கல்லூரியின் தரத்தை ஆய்வு செய்ய ஒரு குழு வரப்போகிறது, அதற்கு முன் சில விவரங்கள் தேவை. முப்பத்தொன்பதாவது கேள்வி: வளாகக் கட்டடங்களிலிருந்து அவசர காலத்தில் ஆட்களை வெளியேற்றத் திட்டம் உள்ளதா? உண்டெனில் இணைக்கவும். முதல்வர் டாக்டர் நிலவழகன் உண்டு என்று டிக் அடித்துவிட்டு, திட்டத்தைத் தயார் செய்யப் பதினான்கு பேர் கொண்ட குழு போட்டார். வணிகவியல் பேராசிரியர் அரவிந்த்குமார் அந்த நேரம் டீ குடிக்கப் போயிருந்தார். அதனால் அவரை ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார்கள்.

முதல் கூட்டத்தில் குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். அவசரகால வெளியேற்றத் திட்டமிடல், செயலாக்கம் மற்றும் மேம்பாட்டுக் குழு. இரண்டாவது கூட்டத்தில், பெயர் பேனரில் அடங்கவில்லை என்று பெரிய பேனருக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். மூன்றாவது கூட்டத்தில் அரவிந்த்குமார் எண்பத்தாறு பக்கத்தில் திட்டத்தை எடுத்து வைத்தார். எந்த தேசத்துக் கல்லூரியிலிருந்தோ இறக்கித் தமிழாக்கியது. பனிப்புயலின்போது மாணவர்கள் கம்பளிக் கோட்டை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது என்று பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. கடல் உள்ளே வந்தால் மேட்டு நிலத்துக்குப் போக வேண்டும் என்று முப்பதாம் பக்கத்தில் இருந்தது.

"நமக்கு மேட்டு நிலம் எது?" என்று முதல்வர் கேட்டார்.

"சித்தன்னவாசல் குன்று இருக்கு சார்."

"அதுக்கு எத்தன பஸ் வேணும்?"

அதைக் கணக்கிட ஓர் உபகுழு அமைந்தது.

தைரியநாதன் அந்த நேரம் ஏணியில் நின்று புரொஜக்டருக்கு ஒயர் மாற்றிக்கொண்டிருந்தார். சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், பனி, கடலு எல்லாம் வரையில பாத்துக்கலாம். பின்படிக் கதவு பூட்டியில்ல கெடக்கு? முன்பக்கம் நெருப்புப் புடிச்சா மூணாம் மாடிப் புள்ளைங்க எங்கிட்டுப் போவாங்க?"

முதல்வர் அண்ணாந்து பார்த்தார். "தைரியநாதன், ஏணியில நின்னுக்கிட்டுப் பேசக் கூடாது. பாதுகாப்பில்ல."

இவர் இறங்கினார். இறங்கி முடிப்பதற்குள் அவரைப் பின்பக்கப் படிக்குக் களப் பொறுப்பாளர் ஆக்கிவிட்டார்கள். இவ்வளவு அக்கறை உள்ளவர் வேறு யார் இருக்கிறார் என்று அரவிந்த்குமார் கேட்க, பதின்மூன்று பேரும் கை தட்டினார்கள். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜும் வந்தது.

பொறுப்பைத் தலையில் கட்டினாலும் நல்லதுதான், கதவைத் திறந்துவிடலாம் என்று இவர் நேரே வாட்ச்மேன் ராக்கனிடம் போனார்.

"பின்கதவுச் சாவி எங்கண்ணே?"

ராக்கன் பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டான். "சாமிக்கு அடியில இருக்கு."

"சாமி முன்னாடியா?"

"அடியிலங்கிறேன். சிலைய வக்கிறப்ப பீடத்துக்குள்ள தகடு, நவதானியமெல்லாம் போடுவாங்கல்ல? அதோட சேத்துச் சாவியவும் போடச் சொன்னாரு அந்த வாஸ்துக்காரரு. இந்த வழிய சாமிக்கே ஒப்படைச்சாச்சுன்னு அர்த்தமாம். சேர்மன் தன் கையால போட்டாரு. அதுக்கு மேல அஷ்டபந்தன மருந்து சாத்தி, சிலைய நிறுத்தி, கும்பாபிஷேகமும் ஆயிப்போச்சு."

"எடுக்க முடியாதா?"

"ஏன் முடியாது? பன்னெண்டு வருஷத்துக்கு ஒருக்க கும்பாபிஷேகம் வரும். அப்ப மருந்தப் பேத்து மறுபடி சாத்துவாங்க. எடுத்துக்கலாம்."

தைரியநாதன் இதை எழுதிக் குழுவிடம் கொடுத்தார். குழு வெகுநேரம் விவாதித்தது. திட்டத்தின் நாற்பத்தி நான்காம் பக்கத்தில் ஒரு வரி சேர்ந்தது: பின்பக்க அவசர வழி 2034ஆம் ஆண்டு முதல் முழுமையாகச் செயல்படும்.

"அது வரைக்கும் சார்?"

"அது வரைக்கும் நாமதான் ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார் அரவிந்த்குமார்.

பூட்டை அறுத்துவிடுகிறேன், ரெண்டு நிமிஷ வேலை, சாமியை அரை அடி முன்னால் நகர்த்தி வைத்தால் போதும் என்று இவர் முதல்வர் அறைக்குப் போய்ச் சொன்னார். முதல்வர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தைரியநாதன், நான் எல்லா மதத்தையும் ஒண்ணாப் பாக்கிறவன். கிறிஸ்துமஸ் கேக் எங்க வீட்டுக்கு வருது, நான் சாப்பிடுறேன். அதனால உரிமையோட சொல்றேன். பிள்ளையார நகத்தணும்னு ஆவூர்க்காரர் ஒருத்தர் சொன்னார்னு வெளிய போச்சுன்னா என்ன ஆகும்? எனக்கு ஒண்ணும் இல்ல. ஒங்க நல்லதுக்குத்தான். இதே யோசனைய வேற யாராவது சொல்லட்டும், பரிசீலிக்கலாம்."

வேறு யாராவது என்று இவர் நாலு பேரிடம் கேட்டுப் பார்த்தார். எல்லோரும் நியாயம்தான் என்றார்கள். ஒருத்தரும் வரவில்லை. ராக்கன் மட்டும், "நான் சொன்னா சாமி கோவிச்சுக்காது, சேர்மன் கோவிச்சுக்குவாரு" என்றான்.

தைரியநாதனுக்குப் பிள்ளையார் மேல் ஒரு வருத்தமும் கிடையாது. ராக்கன் லீவு போடுகிற நாளில் விளக்குக்கு எண்ணெய் விடுவதே அவர்தான். சீரியல் பல்பு போட்டுக் கொடுத்ததும் அவர்தான். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சேர்மன் சாமி கும்பிட வந்தபோது நேரிலேயே கேட்டுவிட்டார். மனசு அடித்துக்கொண்டதால்தான் கேட்டார்.

"அய்யா, நெருப்புன்னு வந்துட்டா அந்தப் புள்ளைங்களுக்கு வழி இல்லைங்கய்யா."

சேர்மன் விபூதியைப் பூசி முடித்துவிட்டுச் சொன்னார். "ஏப்பா, நெருப்பு வரக் கூடாதுன்னுதான அவர அங்க உக்கார வச்சிருக்கேன்? அவரு பாத்துக்குவாருன்னு நான் நம்புறேன். கதவு வேணும்னு கேட்டா அவர நம்பலைன்னு ஆகுது. சரி, ஒன்னையச் சொல்லிக் குத்தமில்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னொண்ணும் கேட்டுக்க. கதவத் தெறந்து வச்சா நெருப்பு வருதோ இல்லையோ, பயலுக வருவானுக. நெருப்பு வந்தா பேப்பர்ல ஒரு நாள் போடுவான். மத்தது வந்தா அட்மிஷனே போயிரும்."

அவர் பொய் சொல்லவில்லை. சேர்மனிடம் பிடித்த விஷயமே அதுதான், மனசில் இருப்பதைச் சொல்லிவிடுவார்.

ஒத்திகைக்கு நாள் குறித்தார்கள். வெள்ளிக்கிழமை, ராகுகாலம் கழிந்து பன்னிரண்டு மணிக்கு மேல். மூன்று நாள் முன்னதாகவே சுற்றறிக்கை போனது. பதற்றம் ஏற்படும்போது மாணவிகள் துப்பட்டாவைச் சரியாகப் பின் செய்திருக்க வேண்டும். வெளியேறும்போது கைரேகை வைக்காதவர்கள் கட்டடத்துக்குள்ளேயே இருப்பதாகக் கருதப்பட்டு, அவர்களுக்கு அரை நாள் வருகைப் பதிவு மட்டுமே வழங்கப்படும். ஆபத்துக் காலத்திலும் முதல் பெல், இரண்டாம் பெல் முறை மாறாது.

குத்துவிளக்கு ஏற்றி, வரவேற்புரை முடிந்து, சைரன் ஊதினார்கள். பையன்கள் இறங்கினார்கள். ஒவ்வொருத்தனாகக் கைரேகை வைத்தார்கள். குவாரியில் கல் உடைக்கிற வீட்டுப் பிள்ளைகள் பாதிப் பேர், ரேகை தேய்ந்தவர்கள், மெஷின் எடுக்கவில்லை. துடைத்துத் துடைத்து வைத்தார்கள். பிறகு இரண்டாவது பெல். கிரில் கேட்டைத் திறக்க மேலே ஆள் போனது. பெண் பிள்ளைகள் தோளில் பையோடு, வரிசை குலையாமல், மெதுவாக இறங்கினார்கள். கடைசி லேப் கடைசியாக வந்தது. அதில் சோபியா நாற்பதாவது ஆள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அப்பாவைத் தேடிப் பார்த்துக் கையசைத்தாள்.

தைரியநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். முப்பத்து நாலு நிமிஷம். அந்த கேம்பில் மீட்டர் ரூமிலிருந்து மூன்றாம் மாடிக்குப் புகை போக நாலு நிமிஷம்தான் ஆனது. மகள் கண்ணெதிரே நிற்கிறாள், ஆனாலும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முப்பத்து நாலு என்று நோட்டில் எழுதினார்.

அரவிந்த்குமார் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். "திட்டத்துல மூணு நிமிஷம்னு போட்ருக்கோமே."

"ஆனது முப்பத்து நாலு சார்."

"நீங்க எதுலருந்து எண்ணுனீங்க?"

"சைரன் ஊதுனதுலருந்து."

"அங்கதான் தப்பு. மேல நிக்கிறது காத்திருப்பு. படியில வர்றது இறக்கம். தரையில கால வச்சு வாசலத் தாண்டுறதுதான் வெளியேற்றம். அதுக்கு எவ்வளவு ஆச்சு?"

தரையிலிருந்து வாசலுக்கு மூன்று நிமிஷம் சரியாக இருந்தது. வணிகவியலில் இருபது வருஷ அனுபவம் என்றால் சும்மாவா.

சேர்மன் மைக் பிடித்தார். "நான் ரெண்டு கண்ணால பாத்தேன். ஒரு பொம்பளப்புள்ள ஓடல. ஒருத்தி சத்தம் போடல. நாளைக்கு நெசமாவே நெருப்பு வந்தாலும் எங்க புள்ளைக அடுத்த பெல் அடிக்கிறவரைக்கும் அங்கயேதான் நிக்கும். அந்த நம்பிக்கைய நான் பெத்தவுங்களுக்குக் குடுக்கிறேன்." பலத்த கைதட்டல். பிறகு குரூப் போட்டோவுக்காக எல்லோரையும் திரும்பவும் உள்ளே போகச் சொல்லி, படியில் இறங்குகிற மாதிரி நிற்க வைத்து எடுத்தார்கள்.

இதன் பிறகு திட்டத்தைத் திருத்தும் வேலை நடந்தது. முதல் பிரதியில் பின்பக்க வழிக்கு நேராக, பொறுப்பாளர் என்ற இடத்தில் சேர்மன் பெயர் இருந்தது. சேர்மன் ஆன்மிகப் பணிகளில் இருப்பதால் இரண்டாம் திருத்தத்தில் முதல்வர் பெயர் வந்தது. முதல்வருக்குக் கல்விப் பணி இருப்பதால் மூன்றாம் திருத்தத்தில் அரவிந்த்குமார். அவர் ஒருங்கிணைப்பாளர் மட்டுமே என்பதால் நான்காம் திருத்தத்தில் குழு உறுப்பினர்கள். உறுப்பினர்களும் ஒருவர் பின் ஒருவராகக் கடிதம் கொடுத்து வெளியே வந்தார்கள். ஒருத்தரை ஒருத்தர் இடிக்கவில்லை, முட்டவில்லை, பின்னால் இருந்தவர் முன்னால் இருந்தவருக்கு வழி விட்டார். அந்த வளாகத்தில் முறையாக நடந்த வெளியேற்றம் என்றால் அது ஒன்றுதான். ஏழாம் திருத்தத்தில் ஒரே ஒரு பெயர் மிச்சம் இருந்தது: ச. தைரியநாதன், எலக்ட்ரீஷியன்.

பெயருக்குக் கீழே ஓர் உறுதிமொழி. 'பின்பக்க அவசர வழி எல்லா நேரங்களிலும் திறந்த நிலையில், தடையின்றி உள்ளது என நான் நேரில் சோதித்து உறுதி கூறுகிறேன்.' கையெழுத்துப் போட இடம்.

தைரியநாதன் போட மாட்டேன் என்றுவிட்டார். யாரும் அவரைத் திட்டவில்லை. மிரட்டவும் இல்லை. மறுநாள் செமஸ்டர் பரீட்சைக்கு ஹால்டிக்கெட் கொடுத்தார்கள். சோபியாவுக்கு மட்டும் பிரிண்ட் ஆகவில்லை. சிஸ்டத்தில் ஏதோ கோளாறு என்றார்கள். மறுநாளும் கோளாறு. அதற்கு மறுநாளும். ஆபீஸில் நின்று நின்று அந்தப் பிள்ளை முகம் சுண்டிப்போனது. கடைசி செமஸ்டர். திருச்சியில் ஒரு கம்பெனியில் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள், மார்க்‌ஷீட் கையில் இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள்.

வீட்டில் சந்தனமேரி புருஷனிடம் பொங்கிவிட்டாள். "கையெழுத்துத்தான? போட்டுத் தொலைங்க. ஊருக்கெல்லாம் நல்லது பாக்கிற ஆளு, பெத்த புள்ளைக்குப் பாக்க மாட்டீங்களா?"

"புள்ளைக்காகத்தாண்டி போட மாட்டேங்கிறேன்" என்றார். அது அவளுக்கு விளங்கவில்லை. சொன்னவருக்கே, ராத்திரி புரண்டு படுத்தபோது, விளங்காத மாதிரிதான் இருந்தது.

ஆய்வுக்குழு வருகிற அன்று காலை பதினோரு மணிக்கு முதல்வர் கூப்பிட்டார். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். இந்த ஆறு வருஷத்தில் இன்றைக்குத்தான் அந்த அறையில் உட்காருகிறார்.

"சோபியா நல்லாப் படிக்கிற புள்ள. இன்னிக்கு அந்த சிஸ்டம் எப்படியாவது சரியாயிடணும்னு எனக்கே கவலையா இருக்கு" என்று சொல்லி, ஏழாம் திருத்தத்தையும் பேனாவையும் மேஜையில் வைத்தார். "பாருங்க, எதுவும் நடக்காது. நடக்கலைன்னா இந்தக் காகிதத்தால ஒங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்ல."

"நடந்துச்சுன்னா சார்?"

முதல்வர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "நடந்துச்சுன்னா, நீங்க சொன்னது சரின்னு எல்லாரும் ஒத்துக்குவாங்க."

தைரியநாதன் கையெழுத்துப் போட்டார். பேனா மூடியை மறக்காமல் மூடி வைத்தார். பன்னிரண்டு மணிக்கு சிஸ்டம் சரியானது. இரண்டு மணிக்குள் அந்த உறுதிமொழியைக் கலரில் பெரிதாக அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மாடிக்கு ஒன்றாக மாட்டிவிட்டார்கள். மற்ற வேலைகளுக்கு ஆறு மாதம் ஆகிற கல்லூரி அது.

மூன்று மணிக்கு ஆய்வுக்குழு வந்தது. தலைவர் வெளியூர்ப் பேராசிரியர், பழுத்த மனிதர். பின்பக்கம் அழைத்துப் போனார்கள். பிள்ளையாருக்குப் புது வஸ்திரம், அறுகம்புல் மாலை. தலைவர் ஷூவைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார், மற்றவர்களும் கும்பிட்டார்கள்.

"இதான் எமர்ஜென்சி எக்ஸிட்டா?"

"ஆமா சார். கதவு சாமிக்குப் பின்னாடி" என்றார் அரவிந்த்குமார்.

"அப்ப இந்த வழியா வர்றவங்க செருப்பக் கழட்டணுமே?"

"அதுக்கு ரேக் வச்சிருக்கோம் சார்."

"வெரி குட். டோக்கன் சிஸ்டம் உண்டா?"

"அடுத்த கட்டத்துல சார்."

தலைவர் குறித்துக்கொண்டார். "பொறுப்பாளர் யாரு?" தைரியநாதனை முன்னால் தள்ளினார்கள். தலைவர் அவர் சட்டையில் இருந்த பேட்ஜைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். ஒரு கணம் ஏதோ கேட்கப் போகிறார் என்று தைரியநாதன் நினைத்தார். கேட்டால் சொல்லிவிடுவோம், என்ன ஆனாலும் சரி என்று நெஞ்சு தயாராக நின்றது. தலைவர் அவர் கையில் கொஞ்சம் பிரசாதச் சுண்டலை வைத்துவிட்டு நடந்தார்.

குழு சாப்பிட்டு, சால்வை வாங்கி, வண்டியேற ஆறு மணி ஆனது. முப்பத்தொன்பதாம் கேள்விக்கு முழு மதிப்பெண் என்று அரவிந்த்குமார் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தைரியநாதன் பஸ் பிடித்து வீடு வந்தபோது கோயில் மணி அடித்து ஓய்ந்திருந்தது. சந்தனமேரி கீரனூர் ஜவுளிக் கடையிலிருந்து இன்னும் வரவில்லை. சோபியா வாசலிலேயே நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. அப்பா கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயசுக்குப் பிறகு அப்படிப் பிடித்ததே இல்லை.

"சாதிச்சுட்டீங்கப்பா."

"என்னம்மா?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காதீங்க. மூணாம் மாடியில போர்டு மாட்டியிருக்காங்க. பின்கதவு எப்பவும் தெறந்தே இருக்கும், நான் நேருல பாத்தேன்னு ஒங்க கையெழுத்து. நான்தான் மொதல்ல பாத்தேன். வேற யாரு பேரு போட்டிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்." போனை எடுத்துக் காட்டினாள். "கிளாஸ் குரூப்புல போட்டுட்டேன். அறுபத்திரெண்டு பேரும் பாத்துட்டாளுக."

அவர் வாங்கிப் படித்தார். 'தீ கீ புடிச்சா கிரில் கேட்டுக்கிட்ட போய் நிக்காதீங்கடி. பெல்லுக்கெல்லாம் காத்திருக்க வேணாம். மேல படிக் கதவுக் கொண்டிய எடுத்துட்டு நேரா பின்படியில ஓடிருங்க. அறுபத்தாறு படி. கீழ கதவு தெறந்திருக்கு. எங்கப்பா தெறந்துட்டாரு.'

அதற்குக் கீழே இதயங்களும் கைகூப்பல்களும் வரிசையாக வந்து கிடந்தன. சத்யா என்கிற பிள்ளை, ஒங்கப்பாவுக்கு எங்கம்மா நன்றி சொல்லச் சொன்னாங்க என்று எழுதியிருந்தாள்.

தைரியநாதன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜன்னல் இல்லாத அந்தப் படி கண்ணுக்குள் வந்தது. அதில் அறுபத்திரெண்டு பிள்ளைகள், எண்ணிக்கொண்டே இறங்குகிறார்கள்.

"பாப்பா, கதவு தெறக்கல."

"என்னப்பா?"

"பூட்டித்தான் இருக்கு. சாமியும் அங்கயேதான் இருக்கு."

சோபியாவின் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. "அப்ப எதுக்குப்பா கையெழுத்துப் போட்டீங்க?"

அவர் மேஜையைப் பார்த்தார். மேஜையில், டிபன் பாக்ஸுக்கு அடியில், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வந்த ஹால்டிக்கெட் இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பரீட்சை அடுத்த திங்கட்கிழமை. அறை எண் 308, மூன்றாம் மாடி.

போனை எடுத்தாள். 'இல்லடி, கதவு' என்று அடித்தாள். அழித்தாள். மறுபடி அடித்தாள். இதை அனுப்பினால் நாளைக் காலைக்குள் ஆபீஸுக்குப் போய்விடும். பொய்க் கையெழுத்துப் போட்டவர் யார் என்று கேட்பார்கள். ஹால்டிக்கெட்டுக்குத் திரும்பவும் கோளாறு வரும். அப்பாவுக்கு வேலை இருக்காது. மூன்றாவது தடவையும் அழித்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

அனுப்பும்மா என்று அவர் சொல்லவில்லை. அனுப்பாதே என்றும் சொல்லவில்லை. சட்டையில் இருந்த பேட்ஜைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போனில் இன்னும் ரெண்டு இதயம் வந்து விழுந்தது. சோபியா போனைக் குப்புறக் கவிழ்த்து மேஜையில் வைத்தாள்.

"கையைக் கழுவிட்டு வாங்கப்பா. சோறு எடுத்து வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.